அணிகள் சொந்த ஊரில் ஆடட்டும்: இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவர், செயலாளர், மாநிலச் சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தேனி மாவட்டத்துக்காரன். கல்லூரி வரை ஆடினேன். இப்போது சாயங்காலங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நம் நாட்டுக்கு ஒரு முழுமையான தொழில்முறைக் கூடைப்பந்து லீக் வேண்டும் என்ற பேச்சு ரொம்ப வருடமாக ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் அணியின் பெயர், சின்னம், ஜெர்சி, தொலைக்காட்சி எல்லாம் முதலில் தயாராகிவிடுகின்றன. அந்த அணி எந்த ஊரில், எந்த அரங்கில், வருடத்தில் எத்தனை நாள் ஆடும் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை. இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 2010இல் கூட்டமைப்பு ஐஎம்ஜி ரிலையன்ஸ் என்ற விளையாட்டு வணிக நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. லீக் வரப்போகிறது என்று எங்களைப் போன்றவர்கள் நம்பினோம். பள்ளி, கல்லூரி அளவில் சில போட்டிகள் நடந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்பார்த்த தொழில்முறை லீக் அதிலிருந்து பிறக்கவில்லை. 2015இல் யுபிஏ என்ற லீக் தனியார் முயற்சியாக வந்தது. சென்னை ஸ்லாம், பஞ்சாப் ஸ்டீலர்ஸ், மும்பை சேலஞ்சர்ஸ் என்று எட்டு அணிகள். 2017க்குப் பிறகு அதைக் காணவில்லை. 2018இல் அணிக்கு மூவர் ஆடும் ஆட்டத்துக்கு 3பிஎல் என்ற லீக் வந்தது. 2022இல் ஐஎன்பிஎல் என்ற தேசிய லீக் வந்தது. ஆறு நகர அணிகள், முதல் சீசன் கோப்பையை வென்றது சென்னை ஹீட். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த சீசனில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஊர் என்று வைத்து, ஆறு அணிகளும் அங்கே கூடி ஆடின. சென்னைக்காரர் ஒருவர் தன் அணியை வாராவாரம் போய்ப் பார்த்து, அந்தப் பையன்களின் பெயரை மனப்பாடமாகச் சொல்லி, தோற்றால் திட்டி, அடுத்த வாரம் மறுபடி போய் உட்கார வழியே இல்லை.

இப்படித் திரட்டி ஒரே இடத்தில் ஆடவைத்தால் செலவு குறையும், ஒளிபரப்பு எளிது. அது எனக்கும் புரிகிறது. ஆனால் அது டோர்னமென்ட். லீக் ஆகாது.

இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் நம் பையன்கள் வெளியே போய்ச் சாதித்தார்கள். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னம் சிங்கை 2015இல் அமெரிக்காவின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அந்த நாட்டுத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வருடாந்திரத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். அம்ரித்பால் சிங் 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜ்யோத் சிங் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணிக்கு ஆடினார். இவர்கள் இருவரும் அதற்கு முன்பே ஜப்பானில், டோக்கியோ எக்ஸெலன்ஸ் அணியில் ஆடியவர்கள். 2014இல் வூஹானில் சீனாவை 65-58 என்று நாம் வீழ்த்தினோமே, அந்த அணியின் தூண்களும் இவர்கள்தான். அப்படி ஒரு வெற்றிக்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்து மாதக்கணக்கில் ஆட உள்ளூரில் ஒரு லீக் இல்லை.

ஜப்பான் என்று சொன்னேன். அந்த நாட்டுக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் நின்ற இடம் நாம் நிற்கும் இடத்தைவிட மோசமாக இருந்தது.

ஜப்பானில் கூடைப்பந்து என்றால் நெடுங்காலம் கம்பெனி அணிதான். டொயோட்டா, தோஷிபா, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி என்று பெரிய நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. ஆட்டக்காரர்களில் பலர் அந்தந்தக் கம்பெனியின் ஊழியர்கள். நம்முடைய ரயில்வே, ராணுவம், வங்கி, ஓஎன்ஜிசி அணிகளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இது போதாது, ஊர் சார்ந்த தொழில்முறை அணிகள் வேண்டும் என்று நினைத்த நீகாட்டா, சைதாமா கிளப்புகள் பிரிந்து போயின. 2005இல் ஆறு அணிகளுடன் பிஜே லீக் என்று தனியாக ஒன்று தொடங்கியது. அப்புறம் பத்து வருடம் ஒரே நாட்டில் இரண்டு லீக். சங்கத்தால் இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்க முடியவில்லை. உலகக் கூட்டமைப்பான ஃபிபா சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, 2014 நவம்பரில் ஜப்பான் சங்கத்தையே இடைநீக்கம் செய்தது. ஆண், பெண், இளையோர் என்று எந்த அணியும் நாட்டுக்காக ஆட முடியாது.

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் முக்கியம். 2015 ஜனவரியில் ஒரு பணிக்குழு அமைந்தது. அதை நடத்த சபுரோ கவபுச்சி வந்தார். அவர் கூடைப்பந்துக்காரரே அல்ல. ஜப்பானியக் கால்பந்தில் ஜே லீக்கை 1993இல் தொடங்கி நிலைநிறுத்தியவர். அவர் கிளப்புகளுக்கு வைத்த நிபந்தனைகளில் தலையாயவை அரங்கு பற்றியவை. முதல் பிரிவில் ஆட வேண்டுமா, 5,000 பேர் உட்காரும் சொந்த அரங்கைக் காட்டு. உன் வீட்டு ஆட்டங்களில் 80 சதவீதத்தை அங்கேயே ஆடு. கம்பெனி அணியாக இருந்தால் தனி நிறுவனமாகப் பிரிந்து வா. தொடர்ந்து மூன்று வருடம் நஷ்டக் கணக்குக் காட்டினால் உரிமம் போய்விடும். கிளப்புகள் முனகின. 5,000 இருக்கைக்கு எங்கே போவது என்று கேட்டார்கள். அவர் இறங்கி வரவில்லை. கிளப்புகள் தங்கள் நகராட்சிகளிடம் போய் நின்றன. அரங்குகள் கிடைத்தன.

அந்த வருடம் கோடையிலேயே தடை நீங்கியது. ஜப்பான் பெண்கள் அணி போய் ஆசியப் பட்டத்தை வென்று ரியோ ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. 2016 செப்டம்பர் 22 அன்று டோக்கியோவின் யோயோகி அரங்கில், இரண்டு லீக்கையும் ஒன்றாக்கிய பி லீக் தொடங்கியது. ஆடுகளம் முழுவதும் எல்இடி திரை. அதன் மேல்தான் பந்து தட்டினார்கள். ஆனால் எனக்கு அந்த வெளிச்சத்தைவிட யார் யாரோடு ஆடினார்கள் என்பதுதான் பெரிதாகப் பட்டது. ஒரு பக்கம் அல்வார்க் டோக்கியோ, அதாவது டொயோட்டாவின் பழைய கம்பெனி அணி. மறுபக்கம் ஒகினாவா தீவிலிருந்து ரியூக்யூ கோல்டன் கிங்ஸ், பிஜே லீக்கில் வளர்ந்த அணி. பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு முகாம்கள், ஒரே சங்கத்தின் கீழ், ஒரே ஆடுகளத்தில். அல்வார்க் 80-75 என்று வென்றது. முதல் சீசன் பட்டத்தை வென்றது தொசிகி ப்ரெக்ஸ். டோக்கியோ போன்ற மாநகரத்து அணி அல்ல அது, உத்சுனோமியா என்ற நகரத்தின் அணி.

அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் பிரிவில் 18, இரண்டாம் பிரிவில் 18 என்று 36 கிளப்புகளோடு தொடங்கினார்கள். முதல் பிரிவில் ஒரு கிளப்புக்கு ஒரு சீசனில் 60 ஆட்டங்கள். மேலே ஏறலாம், கீழே இறங்கலாம். 2021இல் ஒகினாவா அரங்கு திறந்தது. 2023 உலகக் கோப்பையில் அதே அரங்கில் ஜப்பான் ஆண்கள் ஃபின்லாந்தை 98-88 என்று வென்று, ஆசிய அணிகளில் முதலிடம் பிடித்து, பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். தடைக்கும் அந்த இரவுக்கும் இடையில் ஒன்பது வருடம் கூட முழுதாக ஆகவில்லை.

2026-27 சீசன் முதல் பி பிரீமியர் என்று மேல்தட்டை மாற்றி அமைக்கிறார்கள். சராசரி 4,000 பார்வையாளர், ஆண்டுக்கு 120 கோடி யென் வருமானம், தரமான அரங்கு இருந்தால்தான் உள்ளே. ஆட்டத்தில் ஜெயித்து மேலே ஏறுவது, தோற்று இறங்குவது இரண்டும் அங்கே இனி இல்லை. இதில் எனக்கு உடன்பாடு கிடையாது. சின்ன ஊர் கிளப் ஒன்று தன் ஆட்டத்தால் மேலே வரும் வாசலை அடைப்பது சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் ஜப்பானை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அவர்கள் தொடங்கிய வரிசையை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நம்மிடமும் பிளவு இருந்தது. 2015இல் ஒரே கூட்டமைப்புக்கு இரண்டு தேர்தல், இரண்டு நிர்வாகம், கடைசியில் ஃபிபா யாரை அங்கீகரிக்கிறது என்று காத்திருந்தோம். அந்த நாட்களில் இழந்தது ஆட்டக்காரர்கள்தான்.

நம் ஊரில் கூட்டம் வராது என்று சொல்பவர்களை மே மாதம் பெரியகுளத்துக்கு வரச்சொல்லுங்கள். அகில இந்தியப் போட்டி நடக்கும்போது சூரியன் இறங்கியதும் மின்விளக்குகள் எரியும், ஆடுகளத்தைச் சுற்றிப் படிக்கட்டு காலரி நிரம்பிவிடும். வயலில் வேலை முடித்து வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி உட்கார்ந்து, ‘அவன் இடது கைக்காரன், அந்தப் பக்கம் மறிடா’ என்று ஆட்டத்தைப் பிரித்துச் சொல்வார். அவருக்கு இந்திய ராணுவ அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துபவர், யார், கேரள மின்வாரியத்தில் உயரமானவன் யார், எல்லாம் அத்துப்படி. முக்கால்வாசி ஆட்டம் முடிந்து இரண்டு புள்ளி வித்தியாசம் என்றால் கூட்டம் எழுந்து நின்றுவிடும். பின்னால் நிற்கும் பெண்கள் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுவார்கள். கோயம்புத்தூரில் இப்படி ஒரு கூட்டம் உண்டு. மும்பை நாக்பாடாவில் உண்டு, லூதியானாவில் உண்டு, ஐஸ்வாலில் உண்டு. இந்த ஊர்களில் எல்லாம் ரசிகர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுடையது என்று சொல்ல ஒரு அணிதான் இல்லை.

அடுத்தது வேலை. இதை ஒளிக்காமல் பேச வேண்டும். நம் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு துறையின் ஊழியர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அந்த வேலைதான் அவர்கள் வீட்டின் கடன், தங்கை கல்யாணம், அப்பாவின் மருந்து எல்லாவற்றையும் தாங்குகிறது. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன், ஆறடி நான்கு அங்குலம், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பதில் கெட்டிக்காரன், அருமையான ரீபவுண்டர். தனியார் லீக் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. அவன் வேலை பார்க்கும் துறையில் தடையில்லாச் சான்று கேட்டு எழுதிக் கொடுத்தான். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருந்தது. சீசன் முடிந்த பிறகு, அங்கீகாரம் இல்லாத போட்டி என்று ஒரு வரியில் பதில் வந்தது. அவன் போகாமல் இருந்தது சரியான முடிவு என்றுதான் அவன் அம்மா சொன்னார். ஆறு வாரம் ஓடும் லீக்குக்காக ஆயுள் முழுவதும் வரும் சம்பளத்தை எவன் பணயம் வைப்பான்?

இதைக் கூட்டமைப்பு மட்டும்தான் தீர்க்க முடியும். ரயில்வே, பாதுகாப்புப் படை, வங்கி, மாநிலக் காவல்துறை விளையாட்டு வாரியங்களோடு உட்கார்ந்து, லீக் மாதங்களைப் பணிக்காலமாகவே கணக்கில் எடுக்கும்படி ஒரு எழுத்துப்பூர்வ உடன்படிக்கை போடுங்கள். புரோ கபடியில் துறை அணி வீரர்கள் ஆடுகிறார்களே. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பெண்கள் லீக்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். நம் நாட்டுக் கூடைப்பந்தின் பெரிய பெயர்களில் பாதி பெண்கள். சென்னையின் அனிதா பால்துரை இந்தியாவுக்குத் தலைமை தாங்கி, 2021இல் பத்மஸ்ரீ பெற்றவர். கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய் ரிங்வுட் அணிக்கு ஆடினார். உள்நாட்டில் அவர்களுக்கு ஒரு தொழில்முறை சீசன் கூட அமையவில்லை.

உரிமைகளை விற்கும்போதும் கவனம் வேண்டும். கால்பந்தைப் பாருங்கள். 2010இல் 15 ஆண்டுக்கு மொத்த வணிக உரிமையும் ஒரே கையில் போனது. 2025இல் அந்த ஒப்பந்தம் முடியும் நேரம் வந்தபோது, புதுப்பிப்பது பற்றி முடிவு ஏற்படாமல் ஐஎஸ்எல் என்ற கால்பந்து லீக்கின் சீசனையே நிறுத்திவைத்தார்கள். கிளப்புகள் சம்பளம் கொடுப்பதா, கதவைச் சாத்துவதா என்று திணறின. கூடைப்பந்தில் எந்த நிறுவனம் வந்தாலும் வரட்டும், பணம் வேண்டும்தான். ஆனால் ஐந்து வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போடாதீர்கள். லீக்கின் பெயரும் ஆட்ட அட்டவணையும் ஒழுங்குமுறையும் கூட்டமைப்பிடமே இருக்கட்டும்.

எட்டு கிளப்புகள் போதும். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் தன் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று ஆடினால் மொத்தம் 56 ஆட்டம். ஒரு ஊருக்கு ஏழு இரவுகள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வார இறுதிகளில் வைத்தாலே முடிந்துவிடும். அரங்கு 5,000 இருக்கை வேண்டாம், 1,500 போதும். ஆனால் அது அந்த ஊரிலேயே இருக்க வேண்டும், ஐந்து வருடத்துக்கு எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு கிளப்பும் 16 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றை நடத்த வேண்டும். ஆட்டக்காரர் சம்பளம் மாதம் தவறினால் உரிமம் ரத்து என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். டிக்கெட் ஐம்பது ரூபாய்க்கு மேல் போகாத ஒரு பகுதி எல்லா அரங்கிலும் இருக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இரண்டே விஷயங்களைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, கிளப் உரிமத்துக்கான நிபந்தனைகளின் வரைவு. மற்றொன்று, துறை விளையாட்டு வாரியங்களுடன் பேசுவதற்கு ஒரு குழு, அதில் இப்போது ஆடிக்கொண்டிருக்கும் வீரர்கள் இருவர், வீராங்கனைகள் இருவர். வரைவைப் பொதுவில் வெளியிட்டு எங்களிடம் கருத்துக் கேளுங்கள். எங்கள் மாவட்டத்துப் பயிற்சியாளர்கள் சார்பில் எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
தேனி மாவட்டத்துக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்