இரட்டை அம்பு எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை 34 ஆண்டுகளாகக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவன். உரிமை கொண்டாட இதைச் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையாவது பாதியில் வெட்ட மாட்டீர்கள் என்ற நப்பாசைதான்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன் வேதியியல் மாதிரி வினா விடை போட்டிருந்தீர்கள். தொடு முறையில் கந்தக அமிலம் தயாரிப்பது பற்றிய கேள்வி. 'வனேடியம் பென்டாக்சைடு வினையூக்கியாகச் செயல்பட்டு, கிடைக்கும் சல்பர் டிரை ஆக்சைடின் அளவை அதிகரிக்கிறது' என்று விடை. கொட்டை எழுத்தில், 'முக்கியம்' என்ற முத்திரையோடு.

என் பேத்தி வெள்ளிக்கிழமை வகுப்புத் தேர்வில், 'வினையூக்கி வேகத்தைத்தான் கூட்டும், சமநிலையில் கிடைக்கும் அளவைக் கூட்டாது' என்று எழுதியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது. (முன்னே போகும் வினையும் பின்னே திரும்பும் வினையும் ஒரே வேகத்தில் நடக்கிற நிலைதான் சமநிலை.) இரண்டு மதிப்பெண் போயிற்று. கேட்கப் போனவளிடம் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார்களாம். வீட்டுக்கு வந்து, "பேப்பர்லயே போட்டிருக்கே தாத்தா" என்றாள். 27 வருடம் அமில ஆலையில் ஷிப்ட் பார்த்தவன் நான். பேப்பருக்கு முன்னால் என் பேச்சு எடுபடவில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் கன்வெர்ட்டரில், அதாவது இந்த வினை நடக்கும் கலனில், நாலு தட்டு. நாலிலும் சுண்டுவிரல் நுனி அளவுக்குக் கேட்டலிஸ்ட், அதாவது வினையூக்கித் துண்டுகள் பரப்பியிருக்கும். கந்தகத்தை எரித்து வரும் சல்பர் டை ஆக்சைடு வாயு சுமார் 420 டிகிரியில் முதல் தட்டுக்குள் நுழையும். வெளியே வரும்போது 600 டிகிரி. வெப்பம் உமிழும் வினை அல்லவா! நூற்றுக்கு அறுபது சொச்சம் டிரை ஆக்சைடாக மாறியிருக்கும், அதோடு நின்றுவிடும். கேட்டலிஸ்ட் போதாமல் நிற்கவில்லை ஐயா. சூடு ஏறியதும் சமநிலை பின்னுக்கு இழுக்கிறது. வாயுவைக் குளிரவைத்து இரண்டாம் தட்டு, மறுபடி குளிரவைத்து மூன்றாம் தட்டு. அதுவரை உண்டான டிரை ஆக்சைடை உறிஞ்சியெடுத்துவிட்டு மிச்சத்தை நாலாம் தட்டில் விட்டால்தான் 99.5 சதவீதத்தைத் தாண்டும். கேட்டலிஸ்ட்டைப் போட்டாலே அளவு கூடுமென்றால், முதல் தட்டோடு கதையை முடித்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போயிருப்போமே!

பின்னே எதற்கு அதைக் காசு கொட்டி வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். அது இல்லாமல் 420 டிகிரியில் வாயுவை விட்டால் வந்தது வந்தபடி போகும். வேகம் வேண்டுமென்று சூட்டை ஏற்றினால் அளவு படுத்துவிடும். குறைந்த சூட்டிலேயே வேலை நடக்க வழி செய்கிறது, அதுதான் அதன் உபகாரம். அம்மோனியா தயாரிக்க வினையூக்கியாக இரும்பு போடுவதும் இதே கணக்குத்தான். இதை எழுதியிருந்தால் நானே அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருப்பேன். வினையூக்கிக்கு வினைவேக மாற்றி என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் படித்திருந்தாலே போதும்.

அதே விடையில் டிரை ஆக்சைடை 'நீரில் கரைத்து' அமிலம் பெறலாம் என்றும் இருந்தது. பெறலாம், பக்கத்து ஊர்க்காரர்கள் சம்மதித்தால். நேரே நீரில் விட்டால் பனிமூட்டமாகக் கிளம்பும், லேசில் அடங்காது. அதனால்தான் 98 சதவீத அமிலத்தில் உறிஞ்சவிட்டு, பிறகு தண்ணீர் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள்.

இது முதல் தடவையும் இல்லை. ஆறேழு வருடம் முன்பு ஒரு ஆலையின் கூலிங் டவரிலிருந்து கிளம்பிய நீராவியைப் படமெடுத்து 'நச்சுப்புகை' என்று முதல் பக்கத்தில் போட்டீர்கள். அது வெறும் தண்ணீர் ஆவி என்று எழுதினேன், பதில் இல்லை. அடுத்து, அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றி நீர்க்கவேண்டும் என்று எழுதினீர்கள். பதறிப்போய் அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பத்து நாள் கழித்து, ராசிபலனுக்குக் கீழே ஒன்றரை வரியில் திருத்தம் வந்தது. அந்தப் பத்து நாளில் எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை செய்துபார்த்ததோ! பருத்திச் சட்டையில் அமிலம் ஒரு பொட்டுப் பட்டால் அப்போது தெரியாது. துவைத்துப் பிழியும்போதுதான் ஓட்டை விழும். என் வீட்டுக்காரி அப்படி எத்தனை சட்டையைக் கரித்துணியாக்கினாள் என்று கேளுங்கள், சொல்வாள். 'ரசாயனமே இல்லாத உப்பு' என்று நீங்கள் அரைப்பக்க விளம்பரம் போடுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. விளம்பரம் உங்கள் பிழைப்பு.

ஜோதிடப் பக்கத்துக்கு ஜோதிடரை வைத்திருக்கிறீர்கள். வேதியியலை அச்சேற்றுமுன் ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாரிடம் காட்டக்கூடாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் செவ்வாய்க்கிழமை, அதே மாணவர் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். கூடவே அந்தச் சமன்பாட்டையும். நீங்கள் ஒருதலை அம்பு போட்டிருக்கிறீர்கள். அது மீள் வினை, முன்னும் பின்னும் போகிற இரண்டு அம்பு வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரில் அந்தக் குறி இல்லையோ என்னவோ என்று, வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அமில ஆலை ஆபரேட்டர்,
திருநெல்வேலி