அசெல்லாவுக்குப் பாடம் நடத்தப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

மருத்துவச்சிப் படிப்புக்குப் பாடம் நடத்த எத்தியோப்பியா போகிறாய். அசெல்லா, அந்நாட்டின் ஒரோமியா மாநிலத்தில், ஒரோமோ இனத்தின் ஆர்சிப் பிரிவினர் வாழும் ஊர். பெண்ணுறுப்பை வெட்டும் வழக்கம் அங்கே பழங்கதை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2016 கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுக்க 65 சதவீதம் பேருக்கு வெட்டப்பட்டிருந்தது. ஒரோமியாவில் ஏறத்தாழ 76.

சட்டம் இல்லாமல் இல்லை. 2004ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 565ஆம் பிரிவு, வெட்டுக்குக் குறைந்தது 3 மாதச் சிறை, அல்லது 500 பிர்ருக்கு (அந்நாட்டுப் பணம்) குறையாத அபராதம் என்கிறது. வெட்டியபின் பெண்ணுறுப்பின் வாயைத் தைத்து மூடினால் 566ஆம் பிரிவு. 3 முதல் 5 ஆண்டு சிறை. வெட்டாத மகளுக்கு மாப்பிள்ளை அமையாமல் போவதோடு ஒப்பிட்டால் 500 பிர்ரு எந்தத் தாய்க்கும் பெரிதில்லை. சட்டம் வந்ததில் விருந்தும் கூட்டமும்தான் போயின. பிளேடு இருட்டுக்கு மாறிக்கொண்டது.

அந்நாட்டின் இன்னொரு இனமான அம்ஹாராக்கள் பச்சைக் குழந்தைக்கே, எட்டாம் நாளையொட்டி முடித்துவிடுவார்கள். அசெல்லா இருக்கும் ஆர்சி வட்டாரத்தில் பல இடங்களில் கல்யாணத்தை ஒட்டித்தான். அதனால் வலி தெரிந்த, வாய் பேசத் தெரிந்த பெண்ணே சில சமயம் தானாகக் கேட்டு வெட்டிக்கொள்கிறாள். வெட்டாதவள் அடங்கமாட்டாள், கைநழுவிப் பாத்திரத்தை உடைப்பாள் என்ற ஏச்சுக்கு முன்னால் வெட்டினால் தொற்று வரும் என்ற உன் பாடம் எடுபடாது.

படித்த தாய்மார் வேறு வழியில் வருவார்கள்: “சுத்தமான கத்தி, மரப்பு ஊசி, கொஞ்சமே கொஞ்சம்.” மறுத்துவிடு. மரத்துப்போன குழந்தை துள்ளாது; துள்ளாத உடம்பில் கத்தி ஆழமாகப் போய்விடலாம். அதைவிடக் கெடுதல், வெள்ளைக் கோட்டு கொடுக்கும் அங்கீகாரம். 2017இல் சுகாதார அமைச்சகமே இதை மருத்துவமனைகளில் தடை செய்துவிட்டது.

வார்டில் பெரும்பாலும் கிளிட்டோரிஸும் உள்ளிதழும் வெட்டப்பட்டவர்களையே பார்ப்பாய். தழும்பு நெகிழாது, பிரசவத்தில் குழந்தையின் தலை இறங்கும்போது கிழியும். கிழக்கே, சோமாலி எல்லையோரம் தைத்து மூடியவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த மூடலைத் திறப்பதைக் கர்ப்பகாலச் சோதனையிலேயே பேசி முடிவு செய். தழும்புக்கு அடியில் விரலை நுழைத்து, தழும்போரமாக 2 முதல் 3 மில்லி லிக்னோகெயின் மரப்பு ஊசி போட்டு, மரத்ததும் விரலுக்கு மேலே நடுக்கோட்டில் முன்பக்கமாக வெட்டு. சிறுநீர்த் துளை தெரிந்ததும் நிறுத்து. அதற்கு மேலே போனால் உள்ளே புதைந்திருக்கும் கிளிட்டோரிஸ் திசு வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டும். இரண்டு ஓரங்களையும் தனித்தனியே, கரையும் மெல்லிய நூலால் தை. ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் பழையபடி மூடிக்கொள்ளும். பிரசவம் முடிந்ததும் “திரும்பத் தைத்துவிடு” என்று வீட்டார் நெருக்குவார்கள். அந்தப் பேச்சையும் முன்கூட்டியே முடித்து வை.

ஊரே இந்த வழக்கத்தை எப்படி விடும் என்பதற்குத் தெற்கே கெம்பாட்டா மக்களைப் பார். அவர்கள் ஒரோமோக்கள் அல்ல. போகலெட்ச் கெப்ரே என்ற பெண் 1997இல் தொடங்கிய அமைப்பு அங்கே ஊர்க்கூட்டங்களில் மாதக்கணக்காகப் பேசவைத்தது. 2002இல் வெட்டப்படாத மணப்பெண்ணின் கல்யாணம் ஊரறிய நடந்தது. மாப்பிள்ளையும் அதையே பெருமையாகச் சொன்னான். ஒரு வீடு மட்டும் விலகினால் மகள் தனித்துப் போவாள் என்ற பயம், ஊரே விலகியதும் கழன்றது.

ஒரோமோப் பெண்களிடம் ஊரை அப்படித் திரட்டுவதற்கான பிடி ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணத்தன்று தாய் மகளுக்குக் கொடுக்கும் சீங்கே என்ற மெல்லிய கோல். மனைவியை அடித்த கணவனுக்கு எதிராக ஊர்ப் பெண்கள் அதை ஏந்திப் புறப்பட்டால் ஆண்கள் பணிந்து பேசியாக வேண்டும். அந்தக் கிழவிகளைத் தேடிப் போ. போஸ்டர் ஒட்டுவது பிறகு.

பிறந்தது பெண் குழந்தையென்றால் வீட்டுக்கு அனுப்பும் முன் மாமியாரையும் கூப்பிட்டு உட்காரவை. தாயிடம் மட்டும் சொன்னது அந்த வீட்டு வாசலைத் தாண்டாது.

அன்புடன்,
உன் அக்காமார்