நோய் வருமுன் தொடங்க வேண்டிய ஆய்வு

ஐயா,

தோட்டப் பயிர்களின் வைரஸ் நோய்களையே பணிக்காலம் முழுவதும் ஆராய்ந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விருதுகளைப் பட்டியலிட்ட கட்டுரை, அந்த ஆய்வுக்கு ஏன் ஓர் ஆயுளே தேவைப்படுகிறது என்பதைத் தொடவில்லை. ஹவாயில் பப்பாளி அதிகம் விளைந்த பூனா பகுதியில் வளையப்புள்ளி வைரஸ் 1992-இல் கண்டறியப்பட்டது. தாவர நோய் விஞ்ஞானி டென்னிஸ் கொன்சால்வஸ் அதற்குப் பத்தாண்டுக்கும் முன்பிருந்தே அந்த வைரஸை ஆராய்ந்துவந்தார். தடுப்பூசி போல, வீரியம் குறைந்த வைரஸைச் செடியில் செலுத்திப் பார்த்தார். எதிர்பார்த்த அளவு பலிக்கவில்லை. அப்புறம்தான் அவரது குழு வைரஸின் மேலுறைப் புரத மரபணுவைப் பப்பாளியில் சேர்த்தது. நோயை எதிர்க்கும் அந்தப் பப்பாளியின் விதை 1998-இல் விவசாயிகள் கைக்கு வந்தது. (மரபணு மாற்றம் சரியா என்பது வேறு விவாதம்.) நோய் பரவிய பிறகு நிதி ஒதுக்கியிருந்தால் ஆறே ஆண்டில் இது நடந்திருக்குமா?

பப்பாளி பயிரிடும் எனக்கு மருந்து தெளித்தும் பயன் கிடைக்கவில்லை. அசுவினிப் பூச்சி இலையைச் சில நொடிகள் துளைத்தாலே வைரஸ் தொற்றிவிடுகிறது. பூச்சி சாவதற்குள் செடி கெட்டுவிடும். எனவே இத்துறைக்கு மூன்றாண்டுத் திட்டங்களை மட்டும் நம்பாமல் நிரந்தரப் பணியிடங்கள் வேண்டும். மூத்த விஞ்ஞானி ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே அடுத்தவரை நியமித்தால், சேகரித்த வைரஸ் மாதிரிகளும் வயல் குறிப்புகளும் நேரடியாக அவர் கைக்குப் போகும்.

இப்படிக்கு,
பப்பாளி பயிரிடும் வாசகர்