ஏரிப் பாதுகாப்புச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஆண்டுக்கொருமுறை பொதுக்குழுவைக் கூட்டிக் கணக்கும் அறிக்கையும் வைக்க வேண்டும். சென்ற ஆண்டு நான் படித்தது கூட்டத் தேதிகளின் பட்டியலாக இருந்தது என்றும், டீ வந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள் என்றும் தலைவர் குறைபட்டுக்கொண்டார். ஆகவே இம்முறை அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறேன்: செயற்குழு மாதந்தோறும் கூடியது, மார்கழியில் மட்டும் கூடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். இனி ஏரியைப் பற்றி.

சென்ற சித்திரையில் ஏரி பச்சையானதை எல்லோரும் பார்த்தோம். கிழக்குக் கரையில் பாசி ஆடை கட்டி நின்றது. குடத்தை முக்கி எடுத்தால் கழுத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஒட்டிக்கொண்டது. மாடுகள் மூக்கை வைத்துவிட்டுத் திரும்பின. வழக்கம்போலச் சுற்றுலா வருகிறவர்கள்மீது பழியைப் போட்டோம். அவர்கள் போடும் குப்பை உண்மைதான். ஆனால் பிஸ்கட் காகிதம் தண்ணீரைப் பச்சையாக்காது.

பச்சையாக்கியவை நம் உர மூட்டைகள். 50 கிலோ டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) மூட்டை ஒன்றில் 23 கிலோ பாஸ்பேட் இருக்கிறது. நம் கொடைக்கானல் மேல்மலை மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் அந்தப் பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயிருக்குக் கொஞ்சம்தான் விடும். பயிர் தெளியவில்லை என்று அடுத்த போகத்துக்கு இன்னொரு மூட்டை போடுகிறோம். இப்படி வருடக்கணக்கில் போட்டது மண்ணோடு ஒட்டிக்கிடக்கிறது. யூரியா தண்ணீரில் கரைந்து போகும். இதுவோ பெரும்பாலும் மண்மேல் ஏறிக்கொண்டு போகும். ஐப்பசி மழையில் மண் இறங்கும்போது ஏரிக்குள் உரம் இறங்குகிறது, அங்கே பாசிக்குச் சாப்பாடாகிறது. மண்ணை நிறுத்தினால் பாதி வழக்கு முடிந்தது. மீதிப் பாதி, புது மூட்டையைக் குறைப்பது. அதற்காகத்தான் சங்கம் முதல் செலவாக டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியை இறக்கிப் பகிர்ந்தது. புளிப்பு குறைந்தால், ஏற்கெனவே மண்ணில் கிடப்பதையே பயிர் எடுத்துக்கொள்ளும். டோலமைட் வாங்கிப்போய் மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும்.

பூண்டு விலையும் நமக்கு எதிராக வேலை செய்தது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். 2024 தொடக்கத்தில் கடைகளில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது மகிழ்ச்சி கரை கடந்துவிட்டது. வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டை கொண்டுபோய்த் திரும்பியவர்கள் சொன்ன விலையைக் கேட்டு, அடுத்த நடவில் ஏரிக்கரைப் புல்லையும் கொத்தித் தண்ணீர் விளிம்புவரை பாத்தி கட்டினார்கள். தடுத்திருக்க வேண்டியவன் நான். கொத்தியவர்களில் என் மைத்துனரும் ஒருவர் என்பதால் இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். இதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசியில் பள்ளிப் பிள்ளைகள் செய்த காரியம்தான் ஊரை அசைத்தது. ஏரியில் விழும் ஏழு ஓடைகளின் வாயிலும் ஒரே மழையில், ஒரே நேரத்தில், ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில்களில் தண்ணீர் பிடித்தார்கள். மந்தை டீக்கடைத் திண்ணையில் அவற்றை வரிசையாக வைத்து, யாரும் தொடக் கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். பாட்டிலில் எண் மட்டும் ஒட்டியிருந்தது, பெயர் இல்லை. இந்த ஊருக்கு எண் போதும். சோலைக்குள்ளிருந்து வரும் 2-ஆம் எண் ஓடையில் கறுப்பாக நகக்கனத்துக்கு ஏதோ படிந்திருந்தது. 5-ஆம் எண்ணில் இரண்டு விரற்கடை மண். மூன்றாம் நாளும் மேல் தண்ணீர் தெளியவில்லை.

5-ஆம் எண் ஓடை என் நிலத்தின் வழியாக வருவது. டீக்கடைக்காரர் எனக்கு டீ கொடுக்கும்போதெல்லாம் டம்ளரைத் தூக்கி அந்தப் பாட்டிலோடு நிறம் ஒத்துப் பார்த்தார். நான்கு வருடமாக மற்றவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இது வேண்டியதுதான்.

என் நிலத்தில் பாத்தி சரிவின் போக்கிலேயே இருந்தது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அதற்குக் காரணமும் உண்டு. வேரில் தண்ணீர் நின்றால் பூண்டு அழுகும், சரிவின் போக்கில் பாத்தி போட்டால் நிற்காது. குறுக்கே போடுங்கள் என்று சொல்ல வந்தவர்களிடம் “அழுகினால் நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். கேள்வியில் தவறில்லை. கார்த்திகையில் பதினொரு பேர் துணிந்து குறுக்குப் பாத்தி போட்டோம். இரண்டு பேருக்குத் தாழ்ந்த மூலைகளில் பயிர் மஞ்சளடித்து அழுகியது. அவர்களுக்குச் சங்கத்தின் செலவில், அடுப்புப் பரணில் புகை காட்டி வைத்திருந்த விதைப்பூண்டை வாங்கிக் கொடுத்தோம்.

மற்ற ஒன்பது நிலங்களில் கற்றது இது. பாத்தியை மட்டமாகப் போடக் கூடாது. குறுக்கே போட்டாலும் ஒரு முனைக்கு லேசாகச் சாய்வு வேண்டும். அந்த முனையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. தண்ணீர் மெதுவாக வடிந்து குழிக்கு வந்து, மண்ணை விட்டுவிட்டு மேலோடு வழிந்து போகும். மழை வெறித்ததும் குழி மண்ணைக் கூடையில் அள்ளி மேல்பாத்திக்குச் சுமக்க வேண்டும். கூலி அதிகம் என்று சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடையில் இருப்பது நாம் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய உரம்.

அடுத்து கரைப் பட்டை, அதாவது ஏரிக்கு வரும் மண்ணைத் தடுக்கும் புல் விளிம்பு. இதில்தான் சண்டை வந்தது. தண்ணீர் விளிம்பிலிருந்து பத்தடிக்குப் புல் விட வேண்டும் என்று தீர்மானம் வைத்தபோது, கீழ்க்கரை அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: “மேலே இருக்கிறவர்கள் மண்ணை அனுப்புவீர்கள், கீழே இருக்கிற நான் நிலத்தை விட வேண்டுமா?” கூட்டத்தில் யாரிடமும் பதில் இல்லை. மூன்று கூட்டங்கள் இழுத்த பிறகு கண்ட ஏற்பாடு: பட்டைக்கு நிலம் விட்ட ஒவ்வொரு வீட்டுக்கும், அவர்களுக்கு மேலே அதே ஓடையில் நிலம் உள்ளவர்கள் போகத்துக்கு இரண்டு குதிரைச் சுமை மக்கிய எரு கொடுக்க வேண்டும், கோடையில் தண்ணீர் முறை கீழ்க்கரையிலிருந்து தொடங்க வேண்டும், பட்டையில் வளரும் புல்லை அறுக்கும் உரிமை நிலத்துக்காரருக்கே. மக்கிய எரு என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கிறேன். பச்சைக் கோழி எருவை மூட்டையோடு இறக்கிவிட்டு “சுமை கொடுத்தாயிற்று” என்று சொன்னவர்கள் உண்டு. அது மழையில் நேராக ஏரிக்குத்தான் போகும். வடநாட்டு அறுவடை வந்து பூண்டு விலை இறங்கியதும் பேச்சுவார்த்தை சுலபமானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பட்டைக்கு முதலில் வெட்டிவேர் நட்டோம். சமவெளியிலிருந்து நாற்று வாங்கிவந்தது என் அவசரம். தை மாத உறைபனியில் வைக்கோலாகிவிட்டது, தப்பியதைக் காட்டுமாடுகள் மிதித்தன. பிறகுதான் வடமேற்கு மூலையைப் பார்த்தோம். யாரும் கை வைக்காத அந்த இடத்தில் நாணலும் கோரையும் தாமாகவே நின்றிருந்தன. அவற்றையே தூர் பிரித்து நட்டோம், பிடித்துக்கொண்டன. இதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பு பார்த்திருக்கலாம்.

கேரட் கழுவும் இடத்தை ஏரி வாயிலிருந்து மேலே மாற்றியாயிற்று. மூன்று தொட்டிகள் அடுத்தடுத்து. முதல் தொட்டியில் மண் தங்கும், மூன்றாவதிலிருந்து வழிவது புல்லுக்குப் போகும். தொட்டி மண்ணை உருளைக்கிழங்கு போடும் நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பல நிலத்து மண் அதில் கலந்திருக்கிறது. 1961-இல் நீலகிரியில் கண்டுபிடித்த உருளைக்கிழங்கு நூற்புழுவின் முட்டைக்கூடுகள் பல வருடம் மண்ணில் உயிரோடு கிடக்கும், ஒட்டிய மண்ணோடுதான் ஊர் ஊராகப் போகும்.

மயில்துத்த (செம்பு கலந்த நீல உப்பு) விவகாரம் முடியவில்லை. கருகல் நோய்க்குப் போர்டோ கலவை அடிப்பது இயற்கை முறைக்காரர்களும் ஒத்துக்கொள்வதுதான். 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. துத்தத்தைத் தனியாக, சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். தேய்த்த கத்தியைக் கலவையில் முக்கி எடுத்துச் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இந்த அளவுக்குப் பக்குவமாகச் செய்துவிட்டு, மருந்து டேங்கை ஏரியில் கழுவுகிறோம். செம்பு மீனுக்கு விஷம். நான்கு இடத்தில் கழுவுவதற்கு டிரம் வைத்தோம். இரண்டு டிரம்கள் இப்போது யாரோ வீட்டில் தண்ணீர் பிடிக்கப் பயன்படுகின்றன. திருப்பி வைத்துவிடும்படி வேண்டிக்கொள்கிறேன், பெயர் கேட்க மாட்டேன்.

மண் பரிசோதனை பற்றிக் கேட்கிறார்கள். நாற்பது மாதிரிகளை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து வந்த அட்டைகளில் பாதிக்குமேல் பயிர் “நெல்” என்று இருந்தது. உறைபனி விழும் மலையில் நெல்லுக்கு எவ்வளவு உரம் என்று தெரிந்துகொண்டோம். மறுபடியும் மாதிரி கொடுத்திருக்கிறோம்.

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மேல்மலைக்கு வண்டிகள் வருகின்றன. மகளிர் குழு மாதம் இருமுறை கரைக் குப்பையை அள்ளுகிறது. அதற்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது, கையுறையாவது வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இந்த வருடமும் சித்திரையில் பச்சை தெரிந்தது, கொஞ்சம் குறைவாக. அடுத்த வருடமும் தெரியலாம். அடிச்சேற்றில் கிடக்கும் பாஸ்பேட், அங்கே காற்று இல்லாமல் போகும்போது மறுபடியும் தண்ணீருக்குள் கசியும். நாம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பழைய பாக்கியை ஏரி சில வருடம் கட்டிக்கொண்டிருக்கும். “ஒரு வருடத்தில் என்ன கிழித்தீர்கள்?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

பொதுக்குழு இன்று முடிவு செய்ய வேண்டியது ஒன்று. 3-ஆம் எண் ஓடையின் மேல் நிலங்கள் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டவை. ஒரு போகத்துக்கு வந்து போகிறவரிடம் குழி வெட்டு, மண் சும என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. குத்தகைப் பத்திரம் எழுதும்போதே குறுக்குப் பாத்தி, குழி, எருச் சுமை மூன்றையும் நிபந்தனையாக நிலத்துக்காரர் எழுத வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மதுரையிலும் திண்டுக்கல்லிலும் இருக்கும் நிலத்துக்காரர்களிடம் பேச இரண்டு பேர் தேவை. முகம் சுளிக்காமல் பேசக்கூடியவர்களாக இருந்தால் நல்லது, என்னை விட்டுவிடலாம்.

வைகாசிக் கோடைமழையில் பிள்ளைகள் மறுபடியும் தண்ணீர் பிடித்தார்கள். 5-ஆம் எண்ணில் ஒரு விரற்கடை. அடுத்த பிடிப்பு ஐப்பசி முதல் பெருமழையில். பாட்டில்கள் பள்ளியில் கழுவித் தயாராக இருக்கின்றன, டீக்கடைக்காரர் திண்ணையைக் காலி செய்து தருகிறார்.

இங்ஙனம்,
செயலாளர்