முதல் நாவலுக்கு ஜனவரிக் கெடு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு இரண்டே மாதம் இருக்கிறது என்கிற சமயத்தில்தான் முதல் நாவல்கள் பதிப்பகங்களின் மின்னஞ்சலில் வந்து குவிகின்றன. மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்க்க எடுக்கும் படி) திருத்துவதும் பக்கம் வடிவமைப்பதும் எங்கள் இருவரின் தொழில். பெயர் தெரியாத ஒருவரின் நாவல் வெளிவராமல் போவதற்கும், வந்தும் வீணாகப் போவதற்கும் பெரும்பாலும் காரணம் அந்த ஜனவரிக் கெடுதான் என்று உறுதியாக நினைக்கிறோம். உங்கள் புத்தகப் பக்கத்தை வாசிக்கும் புதிய எழுத்தாளர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. நாவல்களுக்கு வழக்கமான டெமி அளவுப் பக்கத்தில், 11 புள்ளி எழுத்தில், ஏறத்தாழ 220 தமிழ்ச் சொற்கள் அமரும். 58,000 சொல் கொண்ட நாவல் 264 பக்கம் வரும். தலைப்பு, உரிமைப் பக்கம், சமர்ப்பணம், என்னுரை என்று முன்னால் 8 பக்கம் சேர்த்தால் 272. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்பதால் இது சரியாக 17 ஃபாரம். அதற்கு மேல் நாலு வரி வழிந்தாலும் கால் ஃபாரமோ அரை ஃபாரமோ கூட்ட வேண்டும், அல்லது எங்காவது வரிகளை நெருக்கி உள்ளே தள்ள வேண்டும். கைப்பிரதியைத் திறந்ததும் பதிப்பாளர் சொல் எண்ணிக்கையைப் பார்ப்பது இதனால்தான். அறிமுகமில்லாதவரின் முதல் நாவல் 1,40,000 சொல் என்றால் 40 ஃபாரத்தைத் தாண்டிவிடும், விலையும் இரண்டு மடங்குக்கு மேல் போகும். எவ்வளவு நல்ல நாவலாக இருந்தாலும் அதைக் கையில் எடுக்க வாசகர் தயங்குவார். பதிப்பாளர் அவருக்கு முன்பே தயங்குவார்.

அடுத்தது காலம். படித்து முடிவு சொல்ல இரண்டு மூன்று மாதம், செம்மையாக்கத்துக்கு ஒரு மாதம், பக்கம் அமைக்கப் பத்து நாள். மெய்ப்பை ஒழுங்காகப் படித்தால் ஒரு நாளைக்கு 30, 40 பக்கம்தான் முடியும், ஆகவே 272 பக்கத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல். திருத்தம் போட்டு இரண்டாம் மெய்ப்பு, அட்டை, அச்சு என்று எல்லாம் கூட்டினால் ஆறேழு மாதம். மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையில் அனுப்பினால் நிதானமாகப் படிக்க ஆள் இருக்கும். நவம்பரில் அனுப்பினால் படிக்காமலே திருப்புவார்கள், இல்லையென்றால் படிக்காமலே அச்சுக்கு அனுப்புவார்கள். இரண்டாவதுதான் மோசம்.

எங்கே அனுப்புவது என்பதற்குச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பதிப்பகம் போட்ட நாவல்களில் நாலைந்தை வாங்கிப் படியுங்கள். உங்கள் நாவலுக்கு அந்த வரிசையில் இடம் உண்டா என்பது தெரிந்துவிடும். எல்லாம் சென்னையில்தான் என்றும் இல்லை. நாகர்கோவிலில் காலச்சுவடு, பொள்ளாச்சியில் எதிர் வெளியீடு, திருவண்ணாமலையில் வம்சி இருக்கின்றன. கடிதம் இருநூறு சொல்லுக்குள் இருக்கட்டும். முடிவையும் மறைக்காமல் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் போதும். முழுக் கைப்பிரதியை அவர்கள் கேட்கும்போது கொடுக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பினால் இருவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், அதில் தவறில்லை.

கோப்பு யூனிகோடில், திருத்தக்கூடிய வேர்டு வடிவில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பத்தி தொடங்க இடைவெளி விசையைத் தட்டாதீர்கள், புதுப் பக்கத்துக்காக எண்டரை இருபது முறை அழுத்தாதீர்கள். காட்சி மாறும் இடத்தில் வெறும் வரி விட்டால் அது பக்கத்தின் தலையில் விழும்போது காணாமல் போய்விடும், மூன்று நட்சத்திரம் போடுங்கள். இன்னொரு சின்ன விஷயம் எங்களைப் பாடாய்ப் படுத்தும். ‘கௌரி’ என்ற பெயரை ஓரிடத்தில் க-வுக்கு ஔகாரக் குறி போட்டு அடித்திருப்பார்கள், மறு பக்கத்தில் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ சேர்த்து ‘கெளரி’ ஆக்கியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மின்னூலில் தேடினால் கௌரி பாதி இடங்களில்தான் அகப்படுவாள்.

வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள் அனுப்புவதற்கு முன் ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது. ‘வந்துட்டான்’, ‘வந்திட்டான்’, ‘வந்துட்டாம்’ மூன்றும் ஒரே பாத்திரத்தின் வாயில் வந்தால், எது உங்கள் ஊர்ப் பேச்சு, எது தட்டச்சுப் பிழை என்று மெய்ப்புத் திருத்துபவருக்குத் தெரியாது. அவர் ஒன்றாக்கிவிடுவார், உங்கள் காது கேட்ட வித்தியாசம் அதோடு போய்விடும். ஒரு பெயருக்கு ஒரு எழுத்துமுறை, ஒரு சொல்லுக்கு ஒரு வடிவம் என்று இரண்டு தாளில் எழுதி இணைத்தால் அந்த நாவலுக்குத் தனி மரியாதை கிடைப்பதைப் பார்த்திருக்கிறோம்.

அணிந்துரைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதையும் தவிர்க்கலாம். பெரிய எழுத்தாளரின் பன்னிரண்டு பக்க அணிந்துரை முக்கால் ஃபாரத்தைத் தின்னும், கதையையும் முன்கூட்டியே சொல்லிவிடும். பதிப்பாளர் கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இனி பணம். ‘உங்கள் நாவல் தேர்வாகிவிட்டது, ஜனவரிக்குள் கொண்டுவந்துவிடலாம், 100 பிரதி நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்’ என்று ஒரு பதில் வரும். விலை 350 ரூபாய், உங்களுக்கு 30 சதவீதக் கழிவு என்றால் நீங்கள் கட்டுவது 24,500 ரூபாய். சரி என்று சொல்வதற்கு முன் குறைந்த பிரதிகளையும் தேவைக்கேற்ப அச்சிட்டுத் தரும் பிஓடி அச்சகம் ஒன்றில் விலை கேளுங்கள்: டெமி, 272 பக்கம், 70 ஜிஎஸ்எம் (தாளின் எடையளவு) தாள், 300 ஜிஎஸ்எம் அட்டை, மேட் லேமினேஷன், 100 பிரதி. இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் புத்தகத்துக்கு முதல் போடுவது யார் என்பது விளங்கிவிடும். சொந்தக் காசில் போடுவது குற்றமில்லை. அதை வெளிப்படையான சேவையாகச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படியென்றால் எத்தனை பிரதி அச்சாகிறது, மீதிப் பிரதி எங்கே இருக்கும், பக்க வடிவமைப்புக் கோப்பும் அட்டைக் கோப்பும் உங்கள் கைக்கு வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம். புது தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. ‘நூலக ஆணை நிச்சயம்’, அதாவது அரசு நூலகங்களுக்கு வாங்குவார்கள், என்ற வாக்குறுதியையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள், அதை யாரும் முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது.

பதிப்பாளரே முதல் போட்டால் வழக்கமான ராயல்டி, அதாவது விற்பனையில் ஆசிரியரின் பங்கு, 10 சதவீதம். எதில் 10 சதவீதம் என்று கேட்க வேண்டும். அதே 350 ரூபாய் அட்டை விலையில் என்றால் பிரதிக்கு 35 ரூபாய். கடைக்காரருக்கு 40 சதவீதம் கழித்து வரும் 210 ரூபாயில் என்றால் 21 ரூபாய்தான். 300 பிரதி விற்றால் ஒன்று 10,500, மற்றொன்று 6,300. இரண்டுமே நடைமுறையில் உண்டு, எது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை எந்த மாதம் கணக்குத் தருவார்கள் என்பதும் இருக்க வேண்டும்.

தமிழில் இன்னமும் முதல் நாவல்கள் பல வாய்ப்பேச்சிலேயே அச்சேறுகின்றன. இதுதான் எங்களுக்கு உண்மையான வருத்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயமில்லை. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் அது எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எங்கே என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் பத்தொன்பதாம் பிரிவு சொல்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். கவனியுங்கள், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரைதான் இந்தப் பாதுகாப்பு. ‘அனைத்து உரிமைகளும், உலகம் முழுவதும், காலவரையின்றி’ என்ற ஒரு வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டால் இதெல்லாம் போய்விடும். தமிழ் அச்சு நூலுக்கு மட்டும், மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு உரிமம் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்படம் மூன்றும் ஆசிரியருக்கே என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். நாவலை முன்பே அமேசானின் கிண்டிலில் தனியுரிமைத் திட்டத்தில் போட்டிருந்தால் அதையும் பதிப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். அந்தத் திட்டம் 90 நாளுக்கு வேறெங்கும் மின்னூலாக விற்க விடாது.

மெய்ப்பு இரண்டு முறையாவது உங்கள் கைக்கு வர வேண்டும், முதல் முறை தாளில். இரண்டாம் மெய்ப்பில் போட்ட திருத்தம் ஏறியிருக்கிறதா என்பதோடு அதன் மேல்வரி கீழ்வரியையும் பாருங்கள், ஒன்றைத் திருத்தும்போது பக்கத்தில் இருப்பது கெடும். ‘மரம்’ என்ற சொல் உடைந்து ‘ம்’ மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில் நிற்கிறதா என்று இடது ஓரத்தை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் புதுப் பத்தி எழுதிச் சேர்க்காதீர்கள், அந்த அத்தியாயம் முழுவதும் பக்கம் நகரும். உரிமைப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பதை இரண்டு மெய்ப்பிலும் பாருங்கள்.

நூல் வந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி அனுப்புவது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளரின் கடமை. அனுப்பியாயிற்றா என்று கேட்க உங்களுக்குக் கூச்சம் வேண்டாம். வெளியீட்டு விழா மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் 25 பிரதி வாங்கி, நாவல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கும் ஊர்ப்புற வாசகர் வட்டங்களுக்கும் அனுப்பலாம்.

ஆசிரியர் அவர்களே, புத்தகக் காட்சியையொட்டி நீங்கள் சிறப்புப் பக்கங்கள் வெளியிடுகிறீர்கள். அதோடு ஏப்ரல் மாதத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்தப் பதிப்பகம் எந்த மாதங்களில் கைப்பிரதிகளைப் படிக்கிறது, எந்த முகவரிக்கு அனுப்புவது, எத்தனை நாளில் பதில் வரும், ராயல்டியை எந்த விலையில் கணக்கிடுகிறார்கள் என்ற நான்கு கேள்விகளைப் பதிப்பாளர்களிடம் கேட்டு, அவர்கள் தரும் பதிலை அப்படியே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர், பக்க வடிவமைப்பாளர் ஒருவர்
திருவல்லிக்கேணி, சென்னை