முதலையை எங்கே வைப்பது?

அன்புள்ள சேகர்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் நலம். சுந்தரியின் மகனுக்கு இடம் கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் விலங்குகளின் உறவு மரம் பற்றிய உன் பாடக்குறிப்பைப் படித்ததும் சண்டை போடத்தான் தோன்றியது.

"முதலையும் பல்லியும் நெருங்கிய உறவு, செதிலே சாட்சி" என்று எழுதியிருக்கிறாயே! புறாவின் காலிலும் செதில் இருக்கிறதே, பார்த்ததில்லையா? தாத்தாவின் மூக்கு எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் இருந்தால், அதை வைத்து யார் யாருடைய உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது. புதிதாகத் தோன்றிப் பகிரப்பட்ட பண்புதான் நெருங்கிய உறவைக் காட்டும். ஜெர்மன் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இலேயே இதை நிறுவிவிட்டார். அதற்கு முன், பொதுவான ஒற்றுமைகளை நம்பி உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் 1758இல் சுறா, தவளை, முதலை மூன்றையும் ஆம்ஃபிபியா என்ற ஒரே வகுப்பில் அடைத்தார்.

உறவு மரத்தை வரையும் முன் பலகையில் அட்டவணை போடு. சுறா, தவளை, பல்லி, பூனை, முதலை, புறா. சுறாதான் புறக்குழு, அதாவது மற்றவற்றை ஒப்பிட வெளியே நிறுத்தும் விலங்கு, அதற்கு எல்லாமே 0. பண்புகள்: நான்கு கால், ஆம்னியான் உறை (கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு), மண்டையோட்டில் கண்ணுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு ஓட்டை, நான்கறை இதயம், அரைவைப்பை (இரையை அரைக்கும் தசைப்பை). இருந்தால் 1. புறாவுக்குக் கால் இரண்டுதானே என்று பிள்ளைகள் 0 போடுவார்கள், இறக்கையும் முன்னங்கால்தான். அதன் மண்டையோட்டு ஓட்டைகள் கண்குழியோடு ஒன்றிப்போய்விட்டதால் அங்கேயும் தடுமாறுவார்கள். அதற்கு 1 போடுவது புதைபடிவங்களின் பலத்தில்தான் என்று சொல். இறகையும் ரோமத்தையும் சேர்க்காதே. இந்தப் பட்டியலில் ஒரே விலங்குக்கு உள்ள பண்பு யாரையும் யாரோடும் சேர்க்காது.

இனிதான் சிக்கல், கவனமாகக் கேள். இதயம் பூனையை முதலை, புறா பக்கம் இழுக்கும். மண்டையோடு பல்லியை அங்கே இழுக்கும். பூனையை அவற்றோடு சேர்த்து ஒரு மரம், பல்லியைச் சேர்த்து ஒரு மரம் வரைந்து, ஒவ்வொன்றிலும் பண்புகள் எத்தனை முறை மாற வேண்டும் என்று எண்ணிப் பார்: இரண்டு மரத்துக்கும் 6தான் வரும்! ஐந்து பண்போடு நிறுத்தினால் வகுப்பு அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். ஆறாவதாக பீட்டா கெரட்டின் என்ற புரதத்தைச் சேர். பல்லி, முதலை, புறா மூன்றின் தோலிலும் உண்டு, பூனைக்கு இல்லை. இப்போது பல்லியைச் சேர்த்த மரம் 7, பூனையைச் சேர்த்தது 8. மாற்றம் குறைந்த மரத்தை எடு. நான்கறை இதயம் இரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியது என்பது பிள்ளைகளுக்கே புலப்படும். அந்த இடத்தில் நீ வாயே திறக்காதே, அவர்களே சொல்லட்டும்.

வரைந்த பிறகு ஒரு கணுவை, அதாவது கிளை பிரியும் இடத்தைப் பிடித்துக் கிளைகளைத் திருப்பிக் காட்டு. நுனியில் பூனையும் பல்லியும் பக்கத்தில் வந்தாலும் உறவு மாறாது. எந்தக் கணுவில் சேர்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். தவளையிலிருந்து பல்லி வந்தது என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். நுனியில் இருப்பவை எல்லாம் இன்று வாழ்பவை, யாரும் யாருக்கும் மூதாதை இல்லை என்று அழுத்திச் சொல்.

பல்லிக்குப் பதில் ஆமையை மட்டும் போட்டுவிடாதே. அதற்குக் கண்ணுக்குப் பின்னால் ஓட்டையே இல்லை, ஆனால் மரபணுக்கள் அதை முதலை, பறவை பக்கம்தான் வைக்கின்றன. முதல் வகுப்பில் அது வேண்டாம்.

அட்டவணையை எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மணி