ஆட்டலைன் மோரெலின் கடிதங்களைப் படிக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்த ஆங்கிலேயச் சீமாட்டி லேடி ஆட்டலைன் மோரெலின் கடிதங்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாய் என்பதில் எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவருடைய விருந்தாளிகள் எழுதியதிலிருந்து தொடங்காதே. அவர் வீட்டில் நாள்கணக்கில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு, அவர் உடையையும் பேச்சையும் கேலி செய்து தங்களுக்குள் எழுதிக்கொண்டவர்கள் பலர். எழுத்தில் கைதேர்ந்தவர்கள் என்பதால் அந்தக் கேலியே அவர் உருவமாக நிலைத்துவிட்டது. வாழும் ஓவியர்களின் படைப்புகளை வாங்கிப் பொது அருங்காட்சியகங்களுக்குக் கொடுக்க 1910இல் தொடங்கிய கன்டெம்பரரி ஆர்ட் சொசைட்டியின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்குத் தன் பண்ணையில் வேலை கொடுத்தவர். இந்தப் பெண்மணியைப் பார்க்க அவர் எழுதியதைத்தான் படிக்க வேண்டும்.

முதல் தடை தேதி. அவருடைய நண்பர் வட்டத்தில் பலர் கடிதத்தின் தலைப்பில் கிழமையை மட்டும் போட்டுவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் முதலில் முகவரியைப் பார். லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கம் 44 என்றால் பெரும்பாலும் போருக்கு முந்தையது. ஆக்ஸ்ஃபோர்டு அருகே கார்சிங்டன் மேனர் என்றால் 1915 முதல் 1928 வரை. கௌவர் தெரு 10 என்றால் அதற்குப் பிந்தைய, கடைசிக் காலம். ஆனால் அச்சிட்ட முகவரியை மட்டும் நம்பிவிடாதே. வீடு மாறிய பின்பும் பழைய தாள் தீரும்வரை அதிலேயே எழுதுவார்கள், பயணத்திலும் கையோடு எடுத்துப் போவார்கள்.

அடுத்தது உறை. ஒரு கடிதத்தின் உறை இன்னொன்றோடு சேர்ந்துவிடுவது அடிக்கடி நடக்கும். தாளின் மடிப்பு உறையின் அளவுக்குப் பொருந்துகிறதா, தபால் முத்திரையின் தேதி கடிதத்தில் உள்ள கிழமையோடு ஒத்துப்போகிறதா என்று இரண்டையும் பார். இரவில் எழுதியது மறுநாள்தான் முத்திரை வாங்கும். எனவே ஒரு நாள் வித்தியாசத்தைப் பிழையென்று தள்ளிவிடாதே.

தபால்தலையும் பேசும். பிரிட்டனில் உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒரு பென்னியாக இருந்த கட்டணம் 1918 ஜூன் 3 முதல் ஒன்றரைப் பென்னி ஆனது. 1920 ஜூனில் இரண்டு பென்னி, 1922 மே 29இல் மறுபடி ஒன்றரை. 'வியாழன், ஜூன் 12' என்று ஒரு கடிதம் இருப்பதாக வைத்துக்கொள். 1913, 1919 இரண்டிலும் அந்தத் தேதி வியாழக்கிழமைதான். உறையில் ஒற்றைப் பென்னித் தலை மட்டும் இருந்தால் 1919ஐ ஏறக்குறைய விலக்கிவிடலாம். கூடுதல் தலை இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, கனமான கடிதமாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம்விட முக்கியம், ஜோடி சேர்ப்பது. தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரசலோடு அவருக்கு 1911இல் காதல் மலர்ந்தது. அதன்பின் இருவரும் எழுதிக்கொண்டவை ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரசல் எழுதியவை டெக்சாஸின் ஆஸ்டினில் ஹாரி ரான்சம் மையத்தில், இவர் ரசலுக்கு எழுதியவை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில். ஒரு பக்கத்தை மட்டும் படித்தால் பதில்கள் இருக்கும், கேள்விகள் இருக்காது. இரண்டு பத்தி வரைந்து எதிரெதிரே எழுதி வை. அன்றைய லண்டனில் ஒரே நாளில் பல முறை தபால் பட்டுவாடா நடந்தது. காலையில் போட்டதற்கு மாலையில் பதில் வரும், இடையில் இன்னொன்று குறுக்கே போயிருக்கும். தேதி வரிசையை மட்டும் நம்பினால் உரையாடல் புரண்டுவிடும். எந்த வரி எதற்குப் பதில் என்று தேடி அடுக்கு.

ரசல் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்த மாதங்களை, 1918 மே முதல் செப்டம்பர் வரை, தனியாக வை. அதிகாரபூர்வமாக வாரம் ஒரு கடிதம்தான், அதையும் சிறை நிர்வாகம் படிக்கும். ஆகவே அண்ணனுக்கு எழுதும் கடிதத்திலேயே மற்றவர்களுக்கும் செய்தி இருக்கும். மனம் திறந்து எழுதியவை, பக்கங்களின் ஓர மடிப்பு இன்னும் வெட்டிப் பிரிக்கப்படாத புத்தகங்களின் இடுக்கில் ஒளித்து வெளியே போனவை. இவற்றுக்கு முத்திரை, தபால்தலை எதுவும் கிடையாது. உள்ளடக்கம்தான் கதி.

கடிதம் இல்லாத வருடங்களைத் தொலைந்துபோனவை என்று முடிவுகட்டாதே. டி. எச். லாரன்ஸின் நாவலில் தன் சாயலில் ஒரு பாத்திரம் இருப்பதைக் கையெழுத்துப் படியிலேயே கண்டு மோரெல் மனம் உடைந்தார், இருவருக்கும் இடையே கடிதம் நின்றுபோனது. அந்த மௌனம் 1928இல்தான் கலைந்தது.

மோரெலின் நினைவுக் குறிப்புகளை வைத்தும் தேதி குறிக்காதே. அவர் 1938இல் மறைந்த பிறகு, கணவர் பிலிப்பின் கையும் பட்டு, 1963லும் 1974லும் அச்சேறியவை அவை.

கடைசியாக உரிமை. தாள் ஆவணக் காப்பகத்துடையது, வாசகத்தின் காப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. அச்சேறாத அவருடைய கடிதங்களுக்குப் பிரிட்டனில் 2039 முடியும்வரை காப்புரிமை உண்டு. நீண்ட பகுதியை மொழிபெயர்த்து வெளியிடுவதாக இருந்தால் இப்போதே இரு தரப்புக்கும் எழுதிப் போடு. பதில் வர மாதங்கள் ஆகலாம்.

அன்புடன்,
உன் அக்கா